அறுபத்தோராம் பக்கம்

கடைசிப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எங்கள் துறைச் சுந்தரவேல் சார் சொல்லியிருந்தார். அதனால் நானும் படிக்கவில்லை. இப்போது மணி பத்து இருபத்தைந்து. பி.பி.ஏ. துறைக்கு வெளியே வராந்தாவில், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குக் காத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், மடியில் என் புராஜெக்ட், நீல அட்டை, பொன் எழுத்து, அறுபத்தோரு பக்கம், அந்த அறுபத்தோராம் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. அங்கே இருக்க வேண்டியது ஒரு காலிக் கேள்வித்தாள். எல்லாருடைய புராஜெக்ட்டிலும் கடைசியில் அதுதான் இருக்கும், நான் இன்னின்ன கேள்விகளைக் கேட்டேன் என்பதற்கு ஒரு மாதிரி, டிக் அடிக்காதது, பேனா படாதது. என்னுடையதில் இருபது கேள்விக்கும் டிக் அடித்திருக்கிறது, கீழே ஆலோசனை எழுதவும் என்று நான் விட்டிருந்த மூன்று கோட்டிலும் எழுதியிருக்கிறது, இடம் போதாமல் ஓரத்தில் மேலே ஏறிக்கூடப் போயிருக்கிறது. பக்கத்தை மூடினேன். திறந்தேன். அப்படியேதான் இருக்கிறது. பயம் உடனே வரவில்லை. பயம் வருவதற்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கும் போல, அந்த இடத்தில் நான் யோசித்தது பைண்டிங் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான். பிறகுதான் மூன்று காப்பி என்பது ஞாபகம் வந்தது. ஒன்று கல்லூரிக்கு, அது உள்ளே மேசையில் இருக்கிறது. ஒன்று எனக்கு, மடியில். மூன்றாவது கம்பெனிக்கு. கம்பெனி என்பது அம்மா வேலை பார்க்கிற ஜவுளிக்கடை. நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே கொண்டுபோய், இரண்டு கையாலும் நீட்டி, மேனேஜர் பால்துரை சாரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று சீல் வாங்கி வந்தேன். சீல் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை வேறு குத்தச் சொன்னேன்.

ஜவுளி நிறுவனப் பணியாளர்களின் பணித் திருப்தி குறித்த ஓர் ஆய்வு, திருநெல்வேலி மாநகரைச் சிறப்பாகக் கொண்டு. தலைப்பு இங்கிலீஷில் இதைவிட நீளம். திருநெல்வேலியை நான் எப்படிச் சிறப்பித்தேன் என்று யாராவது கேட்டால் முழிக்கத்தான் வேண்டும், ஆனால் எல்லாத் தலைப்பும் ஊர்ப் பெயரில்தான் முடியும், என்னோடு படிக்கிற ஜெனிபாவின் தலைப்பு பற்பசை வாங்குவோரின் மனப்பான்மையில் தொடங்கித் திருநெல்வேலியில் முடிகிறது. நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். யாரும் கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. மூன்றாம் வருசம் பிப்ரவரி மாதம் எங்கள் துறையில் எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும் நாலு பேர் பெஞ்சில் குனிந்து நூறு பேராக மாறிக்கொண்டிருப்பார்கள். நானும் ஜெனிபாவும் இரண்டு மத்தியானத்தில் முடித்தோம், நீலப் பேனா, கறுப்புப் பேனா, மசி கக்குகிற ஒரு பேனா, கொஞ்சத்தை இடது கையால். இருபத்திரண்டு வயசு, பத்தாம் வகுப்பு, ஆண்கள் உடைப் பிரிவு, திருப்தி. முப்பத்தைந்து வயசு, திருமணமானவர், போர்வைப் பிரிவு, மிகவும் திருப்தி. அலுத்துப்போகும்போது ஒரு நடுநிலை. பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு அதிருப்தி, இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள். அதிருப்தி அடித்த அந்த ஆளுக்கு நான் ஒரு வயசும் ஒரு பிரிவும் கொடுத்து, சம்பளத்தில் அல்ல, சாப்பாட்டு நேரத்தில்தான் அதிருப்தி என்று முடிவு செய்தேன், முதலாளிக்கு வலிக்காது. பால்துரை சார் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதே சொல்லியிருந்தார், பாத்து எழுதுங்க, முதலாளி படிப்பாவ என்று. பார்த்துத்தான் எழுதினேன். எண்பத்தேழு விழுக்காடு பேர் திருப்தி என்று வந்தது. வட்டம் வரைந்து கலர் கொடுத்தபோது அந்த எண்பத்தேழு பச்சையாக இருந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது, கொஞ்ச நேரம் நானே நம்பினேன்.

ஆக நூறில் தொண்ணூற்றொன்பது எங்களுடையது. மிச்சம் ஒன்று அம்மாவுடையது. அது எதற்கு என்றால், ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும், அதைப் பார்த்து மற்றதை எழுதலாம் என்று ஜெனிபாதான் சொன்னாள். அம்மாவுக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பதினோரு மணிக்கு, காலுக்கு எண்ணெய் தேய்த்து முடித்துக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தவள், ஒரு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிச வேலை. ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசித்தாள். இந்த நடுநிலைன்னா என்னட்டி என்று கேட்டாள். பிடிச்சிருக்குன்னும் இல்ல, பிடிக்கலைன்னும் இல்ல, அதும்மா, என்றேன். அப்படி ஒரு ஆளு இருக்குமா என்றாள். நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. பேர் போட வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று மேலே இருந்த வரியை விரலால் காட்டினேன்: உங்கள் பதில்கள் இரகசியமாகக் காக்கப்படும், கல்வி நோக்கத்துக்காக மட்டுமே பயன்படுத்தப்படும். போன வருச அக்கா ஒருத்தியின் புராஜெக்ட்டிலிருந்து நான் அப்படியே எடுத்த வரி. அவள் யாரிடம் எடுத்தாளோ. அம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். ஆலோசனைக் கோட்டுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு, இத முதலாளி படிப்பாவளா என்றாள். இல்லம்மா, யாரும் படிக்க மாட்டாங்க என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"யாருமே படிக்க மாட்டாங்கன்னா எதுக்குட்டி என்ன எழுதச் சொல்லுத?"

மார்க்குக்கு என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அந்தத் தாளைத்தான் இப்போது மறுபடி படிக்கிறேன். பேர் இல்லை என்றுதான் பேர். பெண், நாற்பத்து மூன்று வயசு, பட்டுப் பிரிவு, மூன்றாம் மாடி, அனுபவம் பதினாலு வருசம். அந்தக் கடையில் பட்டுப் பிரிவில் பதினாலு வருசம் நின்றவள் ஒருத்திதான். போதாததற்குப் பட்டுச்சேலையில் கட்டுகிற சீட்டு அத்தனையும் அம்மா எழுதுகிறது, செண்பகவல்லி கையெழுத்து என்றால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆலோசனையில் எழுதியிருக்கிறாள்: "ஸ்டூல் போட்டிருக்கீங்க. உக்காந்தால் கேமராவில் பார்த்துப் பேர் எழுதுறீங்க. மூணு தடவை பேர் வந்தால் வார லீவு கிடையாது. அதனால் யாரும் உக்காருவது இல்லை. பக்கத்திலேயே ஸ்டூலை வைத்துக்கொண்டு நிற்பது சும்மா நிற்பதைவிடக் கால் வலிக்குது. தயவுசெய்து ஸ்டூலை எடுத்துவிடவும்." தயவுசெய்து என்பதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதியிருக்கிறாள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த வருசம் போட்ட ஸ்டூல்கள், அதை எங்களுக்கு மனிதவளப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டு மார்க் கேள்வி. நான் சரியாக எழுதி இரண்டு மார்க்கும் வாங்கினேன். வீட்டில் அம்மாவிடம், ஒங்க கடைல ஸ்டூல் போட்டாச்சா என்று கேட்டதற்கு, போட்டாச்சு போட்டாச்சு என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அதோடு நான் விட்டுவிட்டேன்.

புராஜெக்ட் முழுக்க இங்கிலீஷ். கேள்வித்தாள் மட்டும்தான் தமிழ். இது இப்போதுதான் உறைக்கிறது. முதலாளி எண்பத்தேழு விழுக்காட்டைப் படிக்கப் போவதில்லை, அவருக்கு இங்கிலீஷ் வராது. புரட்டிக்கொண்டே போனால் அவருக்கு வாசிக்க முடிகிற ஒரே பக்கம் அறுபத்தொன்றுதான். போதாக்குறைக்குப் பால்துரை சார் நேற்றுச் சிரித்துக்கொண்டே சொன்னார், முதலாளி எதையும் பின்னால இருந்துதான் படிப்பாவ, பேப்பரையே அப்படித்தான் என்று. நானும் கூடச் சிரித்தேன். முதலாளி பன்னிரண்டு மணிக்கு வருவார், மேசையில் வைத்துவிடுகிறேன் என்றார். பன்னிரண்டு. இப்போது பத்து நாற்பது. காலித்தாள் எங்கே போயிற்று என்று யோசிக்கிறேன், யோசிக்க ஒன்றும் இல்லை, அது ஜெராக்ஸ் கடையில் அடியில் கிடந்திருக்கும். பைண்டிங் அண்ணன் கேட்டார், கடைசில எதம்மா வைக்க என்று. நான் வாசலில் நின்று ஜெனிபாவோடு கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன், மேல இருக்கத வைங்கண்ணே என்று திரும்பாமலே சொன்னேன். மேலே இருந்தது அம்மாவுடைய தாள், மூன்று காப்பிக்கும் அதையே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டார். அது ஏன் மேலே இருந்தது. தாள்கட்டுக்குள் அது அடியில்தான் இருந்தது, நூறுக்கும் கீழே. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் உருவி எடுத்தேன். படிப்பதற்கு. ஏற்கெனவே படித்ததை ஏன் மறுபடி எடுத்தேன் என்றால் தெரியவில்லை. மார்க்குக்கு இல்லை, அந்தத் தாளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அது எல்லாக் கேள்விக்கும் மிகவும் அதிருப்தி அடித்துப் பச்சையைக் குறைத்ததால் ஜெனிபாவை விட்டு அதற்குப் பதிலாக இன்னொரு திருப்தியை எழுத வைத்துக்கொண்டோம். தேவையில்லாத தாள். அதை எடுத்து வாசித்து, தயவுசெய்து அடித்து மறுபடி எழுதின இடத்தில் விரலை வைத்துப் பார்த்து, பேனா அழுத்தினது பின்பக்கம் தட்டுப்பட்டது, பிறகு கட்டின் மேலேயே வைத்தேன். அடியில் செருகியிருந்தால் ஒன்றுமில்லை. அடியில் செருகச் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன். அந்தச் சங்கடம் இப்போது முதலாளி மேசைக்குப் போகக் காத்திருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் இந்நேரம் எனக்கு வைவா முடிந்திருக்க வேண்டும். பட்டியலில் அனுசுயா மூன்றாவது. ஆனால் வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருக்கிற மேடம், எப்பவும் மேலேயிருந்தே கூப்பிட்டால் கடைசிப் பிள்ளைகள் பாவம் என்று இன்றைக்குக் கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள். நாற்பத்திரண்டு பேர். ஒரு ஆளுக்கு மூன்றரை நிமிசம். நான் நாற்பதாவது. பன்னிரண்டே காலுக்கு மேல்தான் என் முறை. கடைக்கு பஸ்ஸில் இருபத்தைந்து நிமிசம். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து, பஸ்ஸுக்கு நிற்கப் பத்து, மாடி ஏறி பால்துரை சாரிடம், சார் ஒரு பக்கம் தப்பாப் போயிட்டு, மாத்தித் தாரேன் என்று சொல்லி வாங்கப் பத்து. எழுபது நிமிசம். பத்து நாற்பத்தைந்துக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம். எழுந்து நின்றேன். சுந்தரவேல் சார் காலையில் சொன்னது காதில் விழுந்தது, வராந்தாவ விட்டு நகர்ந்தா ஆப்சென்ட், போன வருசம் ஒருத்தன் டீ குடிக்கப் போய் அரியர் வாங்கினான் என்று. புராஜெக்ட் ஆப்சென்ட் என்றால் அடுத்த வருசம்தான். உட்கார்ந்தேன். முடிவெடுத்தல் என்று ஒரு பாடம் உண்டு, இரண்டாம் செமஸ்டர், மூன்றாம் அலகு. முதல் படி பிரச்சினையை அடையாளம் காணுதல். கண்டாயிற்று. இரண்டாவது தகவல் திரட்டுதல். பால்துரை சார் பத்து மணிக்கே வந்துவிடுவார், புத்தகம் அவர் மேசையில் இருக்கிறது, அவருக்கு இங்கிலீஷ் வரும், படிக்கிற பழக்கம் உண்டா தெரியாது. மூன்றாவது மாற்று வழிகளை உருவாக்குதல். போகலாம். போன் பண்ணலாம். ஜெனிபாவை அனுப்பலாம். சும்மா இருக்கலாம். ஜெனிபா பத்தொன்பதாவது, போய்விட்டு வந்தாள், சிரித்துக்கொண்டு வந்தாள், பற்பசையைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார்களாம். அவளிடம் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். ஏட்டி என்றாள். மேடத்துக்குப் பாதாம்பாலும் முந்திரிப் பக்கோடாவும் வாங்கிவர வேண்டிய பொறுப்பு அவளுடையது, சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். நீ போயிரு அனு, நான் சார்ட்ட சொல்லுதேன் என்றாள். என்னத்த சொல்லுவ என்றேன். அவள் பக்கோடா வாங்கப் போய்விட்டாள்.

நாலாவது படி மாற்று வழிகளை ஒப்பிடுதல். எதிரில் முதல்வர் அறைக்கு மேலே இருக்கிற கடிகாரத்தில் பதினொன்று பத்து. போன் பண்ணுவது என்றால் அம்மாவுக்குப் பண்ண முடியாது, காலையில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், இரண்டரைக்குச் சாப்பிடும்போதுதான் எடுப்பாள். பால்துரை சாருக்குப் பண்ணலாம். நம்பர் இருக்கிறது. மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தேன். அவர் இன்னும் பார்க்காமலே இருந்து, நான் போன் பண்ணிக் கடைசிப் பக்கம் என்று சொன்னால் முதல் வேலையாக அதைத்தான் திருப்புவார். பண்ணாமல் இருந்தால் அவர் பார்க்காமலே போகலாம். போகாமலும் இருக்கலாம். நடுநிலை. நடுநிலை என்று ஒரு ஆள் இருக்குமா என்று கேட்டாளே, இதோ இங்கே வராந்தாவில் பச்சைச் சுடிதாரில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருசமாக எங்களுக்கு ஒரே கேள்விதான், நீங்கள் ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் மேலாளர், இந்தச் சூழலில் என்ன முடிவெடுப்பீர்கள். எங்கள் வகுப்பில் ஐந்து பேரைக்கூட யாரும் வேலை வாங்கியதில்லை, ஆனாலும் பக்கம் பக்கமாக முடிவெடுத்தோம், ஆலையை மூடினோம், திறந்தோம், ஆளைக் குறைத்தோம். குறைத்த ஆளுக்கு ஒரு பெயரும் இருக்காது. முக்கோணம் ஒன்று வரையச் சொல்வார்கள், மனிதத் தேவைகள், அடியில் சோறு தண்ணி தூக்கம், மேலே பாதுகாப்பு, அதற்கும் மேலே மதிப்பு மரியாதை. உட்காருவது எந்தப் படியில் வரும் என்று புத்தகத்தில் இல்லை. அம்மா என்னை எதற்கு இந்தப் படிப்பில் சேர்த்தாள் என்றால் அவளுக்கு பி.பி.ஏ. என்றால் என்னவென்று தெரியாது, பி.காம். இடம் முடிந்துவிட்டது, கவுன்ட்டரில் இருந்தவர் இதுவும் ஆபீஸ் வேலைதாம்மா என்றார், உடனே சரி என்றாள். பஸ்ஸில் வரும்போது சொன்னாள், நீ உக்காந்து பாக்குத வேலைக்குப் போனாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் என்று. அந்த பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தோம். அம்மாவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாக ஏறியிருக்கும், சாயங்காலம் ஆனால் தடிக்கும். முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு எழுபது எண்பது சேலை விரித்து மடிப்பாள். அப்பா இருக்கிறார், வேறு வீட்டில். இந்த வேலைதான் எங்கள் வீடு. எனக்கு டிகிரி வேண்டும். அதைச் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள்தானே, சொல்லலாம். பஸ் ஏற நேரம் இருந்தது, கால் இருந்தது, எனக்கு டிகிரி வேண்டும், அதனால்தான் போகவில்லை. ஆப்சென்ட் போட்டால் அம்மா இன்னும் ஒரு வருசம் நிற்க வேண்டும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். நல்ல காரணம். பதினொன்று இருபது ஆனபோது இனிப் போனாலும் திரும்ப முடியாது என்று கணக்கு வந்தது, வந்ததும் நெஞ்சு லேசானது. எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசனை வரும், பன்னிரண்டு என்கிற இடத்தில் தட்டி நிற்கும், திரும்பிவிடும். பன்னிரண்டு மணிக்கு எங்கோ ஒரு வகுப்பில் மணி அடித்தது. முதலாளி படியேறுகிறார் என்று நினைத்தேன். அவரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், வெள்ளைச் சட்டை, சின்ன உருவம், ஆயுத பூஜை அன்றைக்கு எல்லாருக்கும் தன் கையாலேயே பொரி கொடுத்தார். பொரி வாங்கும்போது அம்மா செருப்பைக் கழற்றினாள். பன்னிரண்டே காலுக்கு சார் என் நம்பரைச் சொன்னார். உள்ளே ஃபேன் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, பக்கோடாத் தட்டைப் பேப்பரால் மூடியிருந்தார்கள். மேடத்துக்கு ஐம்பது வயசிருக்கும், களைத்துப்போயிருந்தார்கள், நாற்பதாவது நீலப் புத்தகம். தலைப்பைச் சொல்லும்மா என்றார்கள். சொன்னேன். மாதிரி அளவு. நூறு. எத்தனை பேர் திருப்தி. எண்பத்தேழு. சரிம்மா போலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்கள், கைமட்டும் பழக்கத்தில் புரட்டிக்கொண்டே போனது, கடைசியில் நின்றுவிட்டது. தமிழில் இருந்ததால் நின்றிருக்கும். படித்தார்கள். ஓரத்தில் மேலே ஏறினதைப் புத்தகத்தைத் திருப்பிவைத்துப் படித்தார்கள். சுந்தரவேல் சார் என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன்.

"இது யாரும்மா?"

சொல்லியிருக்கலாம். எங்க அம்மா மேடம் என்றால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, அந்த அறையிலிருந்து கடைக்கு வழி கிடையாது. ஆனால் பால்துரை சாருக்குச் சொல்ல நான் பதிலை அதற்குள் தயார் செய்து வைத்திருந்தேன், நானே எழுதினேன் என்று, மாதிரிக்குச் சும்மா எழுதினது என்று, வாயில் அதுதான் முன்னால் நின்றது.

"நான்தான் மேடம். காலியா வச்சா புரியாதுன்னு மாதிரிக்கு நானே நிரப்புனேன்."

"அப்போ மத்த தொண்ணூத்தொம்பது?"

"அதெல்லாம் பணியாளர்கள் நிரப்புனது மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் எங்காவது பெஞ்சில் குனிந்து நூறு பேராக மாறியிருப்பார்கள். உனக்கு நல்லா எழுத வருதும்மா என்றார்கள். கேலியா, நிஜமா, குரலில் தெரியவில்லை. மார்க் போட்டார்கள், தலைகீழாகத் தெரிந்தது, எண்பத்தெட்டு. வாங்கிவிட்டேன். அம்மா மூன்று வருசம் நின்றதற்கு எண்பத்தெட்டு, அது போக அம்மாவை இல்லை என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் ஜெனிபா கையைப் பிடித்தாள். போன் பண்ணட்டி என்றாள். இப்போது யோசிக்க ஒன்றும் இல்லை, பண்ணினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார், எடுத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. சார், அந்தக் கடைசிப் பக்கம் நான் சும்மா மாதிரிக்கு எழுதினது சார், எங்க அம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கோபமாகப் பேசவில்லை, சங்கடமாகத்தான் பேசினார், நல்ல மனுசன்தான், பேர் எழுதுகிற நோட்டும் அவரிடம்தான் இருக்கிறது.

"இல்லம்மா. உங்க அம்மாவ கூப்ட்டு காமிச்சேன். நாந்தான் எழுதுனேன்னு சொல்லிட்டாவ."

வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லையாம், என் மக எழுதச் சொன்னா, உள்ளத எழுதுனேன் என்றாளாம். முதலாளிக்குப் போனில் சொல்லியாயிற்று, இன்றையோடு வேலை முடிந்தது, அவர் வந்து ஒரு வார்த்தை நேரில் பேசிவிட்டு அனுப்புவார், இன்னும் வரவில்லை என்றார். நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்களேன் என்றார். அம்மா எங்க சார் நிக்காங்க என்று கேட்டேன்.

"நிக்கல. என் ரூமுக்கு வெளிய ஸ்டூல்ல உக்காந்துருக்காவ. முதலாளி வார வரைக்கும் நில்லுங்கன்னேன், இனி எதுக்கு நிக்கணும்னு சொல்லிட்டு இழுத்துப் போட்டு உக்காந்துட்டாவ. மூணாவது மாடியே பாத்துட்டு நிக்கி."

எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. பதினொன்று பத்து இருக்கும்மா, அப்பலருந்து என்றார். பதினொன்று பத்துக்கு நான் நாலாவது படியில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.